ஏட்டில் ஏறாத காயம்

நேயர்களுக்கு வணக்கம். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கும் முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுத உதவி வருகிறேன். அப்படி வந்த ஒருவர் பீரங்கிப் படையில் இருந்தவர். நான் பேசப் பேச, வலது காதை என் பக்கம் திருப்பியே கேட்டுக்கொண்டிருந்தார். இடது காதில் இரவும் பகலும் இரைச்சல். அவருடைய மருத்துவ ஏட்டைப் புரட்டினேன். காதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அப்பவே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா உடல்தகுதி கேட்டகரி இறங்கிடும் சார். அப்புறம் பதவி உயர்வு ஏது?"

பணியால் வந்த குறை என்பதற்குச் சான்று இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு ஆறாதது இதுதான். சேரும்போது காது, கண், நெஞ்சு எல்லாம் சோதித்து, நல்ல உடம்பு என்று எழுதிக்கொண்டது படை. ஏடும் அதன் கையில்தான் இருந்தது. ஏட்டில் இல்லாததற்கு வீரர் எப்படிப் பொறுப்பாவார்? இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் இதைத் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய்க்குறிப்பு இல்லாதவர் பின்னர் உடல்நலம் கெட்டு விடுவிக்கப்பட்டால், பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதை அரசுதான் மெய்ப்பிக்க வேண்டும்.

ஏடு எரிந்தும் போகலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி இருந்த அரசு ஆவணக் காப்பகத்தில் 1973இல் பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட படைக் கோப்புகள் அழிந்தன. சான்றுகள் இரு பக்கமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்பது அந்நாட்டு விதி. ஆனாலும் வியட்நாமில் தெளித்த களைக்கொல்லியால் நோயுற்றவர்களுக்கு, இன்னின்ன நோய்கள் பணியால் வந்தவையே என்று ஏற்க வழி செய்த சட்டம் 1991இல்தான் வந்தது. போர் முடிந்து 16 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

பொய் சொல்லி வாங்குபவர்களும் உண்டே என்பார்கள். உண்டுதான், விசாரிக்கட்டும். அதற்காக வருகிற எல்லாரையும் அந்தக் கண்ணோடு பார்ப்பது சரியில்லை.

சரி, அந்தப் பீரங்கிக்காரருக்கு வருவோம். மேல்முறையீடு செய்திருக்கிறோம். அதே பீரங்கியில் அவரோடு நின்றவரைத் தேடிப் பிடித்து, சாட்சிக் கடிதம் கேட்டுத் தொலைபேசியில் பேசினேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இன்னும் மனுவே போடவில்லை.