பிரிச்சுப் பின்ற சுகம்

வணக்கம் நேயர்களே. டெல்லியில குளிர் ஆரம்பிக்கிற நேரம், கம்பளி பின்றதப் பத்திப் பேச முடியுமான்னு கேட்டாங்க, கேட்ட உடனே சரின்னுட்டேன். இப்ப என் கையில மூணு வேலை ஓடிட்டிருக்கு. மாமனாருக்கு சாம்பல் கலர்ல வி கழுத்து வெச்ச ஹாஃப் ஸ்வெட்டர், கும்பகோணத்துல இருக்கற எங்க தாத்தாவுக்கு ஒரு குரங்கு குல்லா, அப்புறம் மாமியாரோட பழைய மெரூன் கார்டிகனப் பிரிச்சு அந்த நூல்லயே என் பொண்ணுக்கு ஒரு ஸ்வெட்டர். இந்த மூணாவதுதான் எனக்கு உசுரு, அதனால முதல் ரெண்டையும் சட்டுனு சொல்லிடறேன்.

ஹாஃப் ஸ்வெட்டர் லூதியானா கம்பளி. கீழ இடுப்புப் பட்டிக்கு 12ம் நம்பர் ஊசி, உடம்புக்கு 10ம் நம்பர். நம்ம கடைகள்ல விக்கற ஊசியோட நம்பர் பழைய பிரிட்டிஷ் கணக்கு, நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், 10னா 3.25 மில்லிமீட்டர், 12னா 2.75. பட்டிய மெல்லிசு ஊசியில போட்டாத்தான் இடுப்பக் கவ்விப் பிடிக்கும், ரெண்டு மூணு வருஷம் போட்டாலும் தொளதொளன்னு ஆகாது. குல்லாவுக்கு அக்ரிலிக் நூல் எடுத்திருக்கேன், ஏன்னா அங்க யாரும் கம்பளிக்குன்னு தனியா பாத்துப் பாத்துத் துவைக்க மாட்டாங்க. கும்பகோணத்துல எதுக்குக் குல்லான்னு இங்க இருக்கறவங்க கேக்கறாங்க, மார்கழி விடியக்காலையில திருப்பாவை கேக்கக் கோயிலுக்குப் போற 80 வயசுக்காரர் காதுல பனிக்காத்து அடிச்சா எப்படி இருக்கும்னு அவருக்குத்தான் தெரியும்.

சரி, கார்டிகனுக்கு வர்றேன். தறியில நெய்ஞ்ச துணி இருக்கே, வேட்டி, புடவை, அதுல பாவு ஒரு பக்கம் ஊடை ஒரு பக்கம்னு ஆயிரக்கணக்குல நூல் குறுக்கும் நெடுக்குமா ஓடும், கிழிஞ்சா கிழிஞ்சதுதான். பின்னல் அப்படி இல்ல. ஒரே நூல், அது லூப்புக்குள்ள லூப்பா நுழைஞ்சு நுழைஞ்சு துணியாகுது. நீங்க போட்டிருக்கற திருப்பூர் பனியனக் கொஞ்சம் உத்துப் பாருங்க, வெளிப்பக்கம் குட்டிக் குட்டி வி எழுத்து வரிசையா நிக்கும், உள்பக்கம் படுக்கவாட்டுல மேடு மேடா இருக்கும், நான் ரெண்டு ஊசிய வெச்சுக்கிட்டு பால்கனியில பண்றதும் அதேதான், அங்க மெஷின்ல நூத்துக்கணக்கான ஊசி பண்ணுது. லூப்பா இருக்கறதாலதான் இழுத்தா நீளுது, விட்டா திரும்புது. அதே காரணத்தாலதான் முனையக் கண்டுபிடிச்சு இழுத்தீங்கன்னா முழு ஸ்வெட்டரும் திரும்ப நூலா உங்க கைக்கு வந்துடும்.

இதச் சொல்லிக் குடுத்தது எங்க மாடி வீட்டு பஞ்சாபி ஆண்ட்டி. ஜனவரி வெயில்ல பார்க் பெஞ்சுல வேர்க்கடலை உரிச்சுக்கிட்டே பின்றவங்க, சீதான்னா நேர் பின்னல், உல்டான்னா எதிர்ப் பின்னல், இந்த ரெண்டே ஹிந்தி வார்த்தையில என்ன டிசைன் வேணாலும் சொல்லிடுவாங்க. மொதல்ல தையலப் பாருன்னாங்க. கையால பின்னினதுல ஒவ்வொரு துண்டும் ஓரம் வரைக்கும் பின்னி அப்புறம் சேத்துத் தெச்சிருப்பாங்க, அந்தத் தையல மட்டும் பிரிச்சா போதும். கடை ஸ்வெட்டர் பலதுல மெஷின் துணிய வெட்டி, வெட்டின ஓரம் பிரியாம நூல் சுத்தித் தைக்கற ஓவர்லாக் போட்டிருப்பாங்க, அதப் பிரிச்சா ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாத்தான் வரும், தொடவே தொடாதீங்க. அடுத்தது முனை. பின்னி முடிச்ச பக்கத்துலேருந்துதான் சுலபமாப் பிரியும், ஆரம்பிச்ச பக்கத்துலேருந்து இழுத்தா வீம்பு பண்ணும்.

பிரிச்ச நூல் நூடுல்ஸ் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்கும், அத அப்படியே பின்னக் கூடாது, நாற்காலி முதுகுல சுத்தி, நாலு இடத்துல தளர்வாக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில முக்கி எடுத்து நெழல்ல தொங்க விட்டா, காயக் காய நேராயிடும். கொதிக்கற தண்ணி வேண்டாம், கசக்கவும் வேண்டாம், கம்பளி இழைமேல மீன் செதில் போலப் படலம் உண்டு, சூடும் கசக்கலும் சேந்தா அதுங்க ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இறுகிச் சுருங்கிடும், அப்புறம் எந்த தேவதை வந்தாலும் பிரிக்க முடியாது.

மாமியார் கார்டிகன்ல முழங்கை ரெண்டும் தேஞ்சு நூல் பஞ்சு பஞ்சா ஆயிருந்துது, அத மட்டும் தள்ளிட்டேன். மிச்சத்துல பொண்ணுக்கு தாராளமா வரும், இருந்தாலும் தோள்கிட்ட ஒரு கடுகு மஞ்சள் பட்டி போடறேன், மெரூனுக்குப் பக்கத்துல அந்த மஞ்சள் அவ்ளோ அழகு. கழுத்துலேருந்து கீழ்நோக்கிப் பின்ற ராக்லன் முறை. ரெண்டு ஊசிய ஒரு வயரால சேத்த மாதிரி இருக்கற சர்க்குலர் ஊசியில கழுத்த ஆரம்பிச்சு, ரெண்டு வரிக்கு ஒரு தடவ எட்டு லூப் கூட்டிக்கிட்டே போனா தோள்ல நாலு சாய்வுக் கோடு தானா விழும். இதுல பெரிய வசதி, பாதியில குழந்தைக்குப் போட்டுப் பாக்கலாம், அடுத்த வருஷம் அவ வளந்துட்டா கீழ் ஓரத்தப் பிரிச்சு அங்கேருந்தே இன்னும் நாலு இஞ்ச் பின்னிக்கலாம். நூல் மிச்சம் வெச்சுக்கணும், அவ்ளோதான். தன் கார்டிகன் பேத்தி மேல ஏறப்போறது தெரிஞ்சதுலேருந்து மாமியார் தெனம் சாயந்தரம் வந்து எவ்ளோ தூரம் வந்துருக்குன்னு விரலால அளந்து பாத்துட்டுப் போறாங்க, அதுக்காகவே ராத்திரி உக்காந்து நாலு வரி கூடப் பின்றேன்.

மயூர் விஹார்லேருந்து ராஜீவ் சௌக் வரைக்கும் மெட்ரோவுலயும் பின்னுவேன். கை பழகிட்டா கண்ணு வேண்டாம், லூப்ப விரலே தடவித் தெரிஞ்சுக்கும். பக்கத்து சீட் அம்மா என்ன டிசைன்னு கேட்டுட்டு, ஃபோட்டோ எடுத்துக்கிட்டு, அவங்க அம்மா பின்னின கதையச் சொல்லிட்டு இறங்குவாங்க. இந்த ஊர்ல முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட இவ்ளோ சுலபமா பேச்சு ஆரம்பிக்க எனக்கு வேற வழி கெடச்சதில்ல.

சென்னை வெயில்ல எங்க பின்றதுன்னு என் தங்கச்சி கேப்பா. எகிப்துல கெடச்ச, உலகத்துலயே ரொம்பப் பழைய பின்னல் துண்டுகள்ல நீலமும் வெள்ளையுமா இருக்கற சாக்ஸ் இருக்கு, அதெல்லாம் பருத்தி நூல். வெயில் ஊருக்கும் பின்னல் பொருந்தும், பருத்தி நூல் வாங்கிக்கங்க. புதுசா கத்துக்கறவங்க வெளிர் கலர்ல கொஞ்சம் தடிமனான நூலும் 8ம் நம்பர் ஊசியும் எடுத்து, 30 லூப் போட்டு, எல்லா வரியும் சீதாவாவே பின்னிட்டுப் போங்க. ஓரம் சுருளாது, ஒரு மஃப்ளர் கெடச்சுடும்.

இன்னொண்ணு கேட்டுக்கறேன். இந்த வருஷம் டிரங்குப் பெட்டியத் தொறந்து நாஃப்தலின் வாசனையோட பழைய ஸ்வெட்டர்கள எடுப்பீங்கல்ல, பாத்திரக்காரர்கிட்ட தூக்கிப் போடறதுக்கு முன்னாடி உள்பக்கம் திருப்பித் தையல ஒரு தடவ பாருங்க. வெட்டாத ஓரமா இருந்தா அத எடுத்து வெச்சுக்கங்க, யாராவது ஒருத்தருக்கு அதுல முழு ஸ்வெட்டர் இருக்கு. நன்றி, வணக்கம்.