கருங்கல்லில் எத்தனை நிறம்

வணக்கம் நேயர்களே. நான் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள பாண்டிருப்பில் தறி வைத்து நெய்கிறவள். தொழில் பழகியது பக்கத்து ஊரான மருதமுனையில். சால்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் நிறச் சேர்க்கையை எங்கே பார்த்துப் பிடிக்கிறீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள், நான் கல்லைப் பார்த்துத்தான் பிடிக்கிறேன், அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

ஒலுவில் கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், கடலரிப்பைத் தடுக்க அங்கே பெரிய பெரிய பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் வெடி வைத்து உடைத்த கல் என்பதால் உள்முகம் அப்படியே வெளியே தெரியும். கருங்கல் என்றுதான் சொல்கிறோம், ஆனால் கிட்டப் போய்க் குந்தியிருந்து பாருங்கள், கறுப்பு அதில் கொஞ்சம்தான். சாம்பல், வெள்ளை, அவித்த இறால் நிறத்தில் ஒரு பட்டை, அதை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு, அப்புறம் திரும்பவும் சாம்பல். நம்முடைய கிழக்குப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் இப்படி வரி விழுந்தவைதான், நைஸ் என்று பெயர். பல கோடி வருடத்துக்கு முன்னால் பூமிக்குள்ளே ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்தபோது அதிலுள்ள கனிமங்கள் பிரிந்து பிரிந்து பட்டை பட்டையாக ஒதுங்கியிருக்கின்றன. கறுப்பாக மினுங்குவது ஒருவகை மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும், வெள்ளை குவார்ட்ஸ், இளஞ்சிவப்பு பெல்ட்ஸ்பார். காற்றும் மழையும் பட்ட பக்கத்தில் இரும்பு துருப்பிடித்து மஞ்சளும் காவியும் ஏறியிருக்கும்.

முதன்முதலில் ஒரு கல்லின் நிறங்களை அப்படியே எடுத்து ஒரு சால்வை நெய்தேன். சாம்பல், இளஞ்சிவப்பு, கறுப்பு, மூன்றும் இரண்டு விரல் அகலம், மாறி மாறி. நிறமெல்லாம் சரியாகத்தான் இருந்தது, துணியில்தான் உயிரில்லை. எனக்குத் தொழில் பழக்கியவர், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன், அதை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு, "பிள்ள, கல்லுல குன்றிமணி அளவு கிடக்கிறத நீ மரைக்கால் அளவு போட்டிருக்காய்கா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பாடம். கல்லிடம் கேட்க வேண்டியது என்ன நிறம் என்பதை மட்டுமல்ல, எவ்வளவு, எதற்குப் பக்கத்தில் என்பதையும்தான்.

இப்போது நான் செய்வது இதுதான். கல்லின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அந்த நூல் எந்த எந்த நிறத்தைக் கடந்து போகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று பார்ப்பேன். பிறகு ஒரு கார்ட்போட் மட்டையில் அதே அளவுக்கு நூலைச் சுற்றிப் பார்ப்பேன். போன தடவை பார்த்த கல்லில் 100 இழைக்கு 70 சாம்பல், 18 வெள்ளை, 9 இளஞ்சிவப்பு, கறுப்பு வெறும் 3. அந்த 3 இழையை உருவி எடுத்துவிட்டுப் பாருங்கள், இளஞ்சிவப்பு கரைந்து சாம்பலோடு சாம்பலாகப் போய்விடும். மட்டையில் அழகாகத் தெரிகிறதே என்று உடனே தறியில் ஏற்றிவிடவும் கூடாது, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது இரண்டு நிறமும் ஒன்றை ஒன்று மங்கச் செய்யும், ஒரு சாண் அளவுக்காவது நெய்து பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, கல்லை நனைத்தும் பாருங்கள், காய்ந்த பிறகும் பாருங்கள். தண்ணீர் பட்டால் மேற்பரப்பில் ஒளி சிதறுவது குறையும், நிறம் ஆழமாகிவிடும். அலை நனைத்த கல்லைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, காய்ந்ததும் இதுவா அது என்று நின்றிருக்கிறேன். இப்போதெல்லாம் ஒரே கல்லிலிருந்து இரண்டு சேர்க்கை எடுப்பேன், காய்ந்தது படுக்கை விரிப்புக்கு, நனைந்தது சால்வைக்கு. போனில் படம் எடுத்து வந்து நிறம் பிடிப்பதை விட்டுவிட்டேன், போன் சிவப்பைக் கூட்டிக் காட்டிவிடுகிறது. நூல் கட்டைகளை ஒரு பையில் போட்டுக் கரைக்கே கொண்டுபோய், காலை வெயிலில் கல்லோடு ஒட்டி வைத்துப் பார்ப்பேன்.

திருக்கோவில் என்ற ஊரின் கரை மணலையும் சொல்ல வேண்டும். அலை திரும்பும்போது பாரமான கறுப்பு மணல் பின்தங்கி நெளி நெளியாகக் கோடு போட்டு நிற்கும், உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால் கறுப்புக்கு நடுவில் மாதுளை முத்து நிறத்தில் சின்னச் சின்னப் பொடிகள் மினுங்கும். ஓலைப்பெட்டி பின்னுகிற தங்கச்சிமார், பன் புல்லில் பாய் இழைக்கிற அம்மாமார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், கறுப்போடு அந்தச் சிவப்பை ஒரே ஒரு ஓலை, ஒரே ஒரு பன் வைத்துப் பாருங்கள், கூட வேண்டாம்.

இந்த வாரம் என் ஜன்னலில் ஒரு கல் இருக்கிறது. அதில் அவரைப் பிஞ்சுப் பச்சையில் ஒரு நரம்பு ஓடுகிறது, எபிடோட் என்கிற கனிமம் அது. அந்தப் பச்சைக்கு மூன்று தடவை சாயம் காய்ச்சிவிட்டேன், முதல் இரண்டு தடவையும் மஞ்சள் தூக்கிவிட்டது. மூன்றாவது நூல் இப்போது கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் கல்லோடு வைத்துப் பார்க்க வேண்டும்.