ஐந்து கேப்டன்களும் ஒரு சமையற்காரனும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து கடற்கொள்ளை அடிக்கிறோம். 11 வருடமாக இது நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சீட்டாட்டம் என்று நினைத்திருக்கிறார். ஒருநாள், "கப்பல் மூழ்குகிறது, பீரங்கியைக் கடலில் தள்ளுங்கள்!" என்று எங்களில் ஒருவர் போட்ட கூச்சலைக் கேட்டுவிட்டு வந்து கதவைத் தட்டினார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், நேரம் இருந்தால்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். இந்த விளையாட்டுக்கு ரோல்பிளேயிங் என்று பெயர். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். அவரை கேம் மாஸ்டர் என்பார்கள். எங்கள் வீட்டில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். "கதவைத் திறக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். கதவு பூட்டியிருந்து நீங்கள் உடைக்கப் பார்த்தால், உடையுமா உடையாதா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகம் கொண்ட பகடை, நெல்லிக்காய் அளவில் இருக்கும். தாயம் விழாமல் காய் இறங்காது என்று பாட்டியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தத் தவிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்தது. முதல் அச்சில் ஆயிரம் பிரதிதான் போட்டார்கள். அதில் மூன்று பகடைகளை உருட்டி வலிமை, அறிவு, சுறுசுறுப்பு என்று ஆறு குணங்களுக்கு எண் போட்டால் ஓர் ஆள் பிறந்துவிடுவான். எண்ணை உருட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஆளை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பதுதான் பாடு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

எங்கள் கடல் கற்பனைக் கடல். அங்கே இரண்டு நிலாக்கள் உண்டு. ஓதம் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று எந்த மாலுமிக்கும் தெரியாது. காற்றை விலைக்கு விற்கும் சூனியக்காரிகள் உண்டு. அந்தக் கடலில் முதன்முதலாகத் தொடர் ஆட்டம் தொடங்கியபோது ஐந்து பேர் சேர்ந்தார்கள். "அடுத்த முறை வரும்போது ஆளுக்கொரு கடற்கொள்ளையரோடு வாருங்கள், அறிமுகம் செய்துகொள்ளலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அங்கேதான் தவறினேன்.

ஐந்து பேரும் கேப்டனாக வந்தார்கள். ஐவருக்கும் தந்தை இல்லை. ஐந்து தந்தையரையும் யாரோ கொன்றிருந்தார்கள். மூன்று பேருக்கு ஒரு கண் இல்லை. இரண்டு பேரிடம் கிளி இருந்தது. ஒருவர் முந்நூறு வயது எல்ஃப், அதாவது கதைகளில் நெடுங்காலம் வாழும் மாய இனத்தவர்; ஒவ்வொரு நூற்றாண்டையும் தனித்தனியாகச் சொன்னார். வங்கியில் வேலை செய்யும் நண்பர் எட்டுப் பக்கம் தட்டச்சு செய்து, தைத்துக் கொண்டுவந்திருந்தார். வாசிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அவருடைய கேப்டன் பிறந்த இரவில் புயல், பெயர் சூட்டிய அன்று இடி. மூன்றாம் பக்கத்தில்தான் கப்பலில் கால் வைத்தார். தட்டிலிருந்த பஜ்ஜி ஆறி, எண்ணெய் காகிதத்தில் இறங்கிவிட்டது. எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டினோம். அவர் நிறுத்தியதும் அடுத்தவர் தொண்டையைச் செருமினார். அதுவரை அவர் மனத்துக்குள் தம்முடைய பக்கங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், வேறொன்றுமில்லை.

ஒருவழியாக ஆட்டத்தைத் தொடங்கினேன். "காற்று திரும்புகிறது, பாயை இறக்க வேண்டும், யார் இறக்குகிறீர்கள்?" என்றேன். ஐந்து கேப்டன்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாயை இறக்கு" என்றார் ஒருவர். "நீ இறக்கு" என்றார் இன்னொருவர். அன்று இருட்டும் வரை அந்தப் பாய் இறங்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூடினோம். கேப்டன் பதவிக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வங்கி நண்பருக்கு விழுந்தது. மற்றவர்கள் கொஞ்சம் வருத்தத்தோடு வேறு வேலைகளை எடுத்துக்கொண்டார்கள், எல்ஃப் வைத்தியரானார். எங்களில் இளையவர் கல்லூரி மாணவர். மழையில் நனைந்து, தாமதமாக வந்தார். கையில் தாள் இல்லை. துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார்.

"நான் சமையற்காரன். வலது கையில் மூன்று விரல் கிடையாது. உப்பு மூட்டை எங்கே இருக்கிறது என்று இந்தக் கப்பலில் எனக்கு மட்டும்தான் தெரியும். வைத்தியரே, உங்களுக்கு எட்டு வெள்ளி தர வேண்டும், மறக்கவில்லை." பிறகு வங்கி நண்பர் பக்கம் திரும்பினார். "கேப்டன், எல்லாருடைய கஞ்சியிலும் மிளகு போடுகிறேன். உங்கள் கஞ்சியில் மட்டும் போடுவதில்லை. ஏன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை."

வங்கி நண்பர் பென்சிலைக் கீழே வைத்தார். "ஏன்?" என்றார்.

"பிறகு சொல்கிறேன்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றுதான் எங்கள் மேசையில் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டது. அந்த மிளகு ஏழு மாதம் ஓடியது. நடுவில் நாங்கள் ஒரு தீவைப் பிடித்தோம், ஒரு கடற்பாம்பிடம் பாதிக் கப்பலைப் பறிகொடுத்தோம். கேப்டன் மட்டும் ஒவ்வொரு முறையும் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சமையற்காரனை ஒரு பார்வை பார்ப்பார். கடைசியில் அவன் சொன்னான்: "காரம் இருந்தால் மற்ற ருசி தெரியாது கேப்டன். உங்கள் கஞ்சியில் யாராவது எதையாவது கலந்தால், முதல் வாயிலேயே தெரியட்டும் என்றுதான்." எட்டுப் பக்கம் எழுதிய அந்த மனிதர் எழுந்துபோய் அடுக்களையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் பிறந்த கதையிலிருந்தா தொடங்குகிறார்? "மாப்பிள்ளைக்குப் பெரியம்மா மகன்" என்கிறார். அதோடு நமக்குப் பிடி கிடைத்துவிடுகிறது; எந்தப் பெரியம்மா என்று கேட்கலாம். நம் தெருக்கூத்தில் இன்னும் அழகு. இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். பின்னால் வேடம் கட்டியவர் நிற்பார், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கட்டியங்காரன் வந்திருப்பது யார் என்று கேட்பான், கிண்டல் செய்வான், ராஜா பதில் சொல்லியாக வேண்டும். துரியோதனனே ஆனாலும், கேட்க ஓர் ஆள் நின்றால்தான் அவன் துரியோதனன். நான் இப்போதெல்லாம் எங்கள் மேசையில் கட்டியங்காரன் வேலைதான் பார்க்கிறேன்.

கேட்பதற்குக் கேள்வி எங்கே கிடைக்கிறது என்றால், உண்மையான கடற்கொள்ளையர்களிடம். இங்கே என் கணக்குப் புத்தி கொஞ்சம் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் கரீபியக் கடற்கொள்ளையர்களோடு போன ஓர் அறுவை வைத்தியர் அவர்களுடைய இழப்பீட்டு விகிதத்தை எழுதி வைத்திருக்கிறார். சண்டையில் வலது கை போனால் 600 ஸ்பானிய வெள்ளி. இடது கைக்கு 500. வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400. ஒரு கண்ணுக்கு 100. ஒரு விரலுக்கும் 100. கவனியுங்கள், கண்ணும் விரலும் ஒரே விலை! கொள்ளையடித்த பணத்தில் இதைக் கழித்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பங்கு. நான் பார்த்த சில அலுவலகங்களில் இந்த ஒழுங்கு இருந்ததில்லை.

ஆகவே, எங்கள் மேசைக்கு யாராவது ஒற்றைக் கண்ணோடு வந்தால், எந்தப் புயலில், எந்த எதிரியால் என்று நான் கேட்பதில்லை. "அந்த நூறு வெள்ளியை என்ன செய்தீர்கள்?" என்று கேட்பேன். ஒரு பெண்மணி, தையற்கடை வைத்திருப்பவர், கொஞ்சம் யோசித்தார். "தங்கைக்கு ஒரு படகு வாங்கிக் கொடுத்தேன். அந்தப் படகில்தான் அவள் ஓடிப்போனாள்" என்றார். கேட்டீர்களா? கண் போன கதையைவிட நூறு வெள்ளி போன கதையில் அல்லவா ஆள் தெரிகிறார்!

அதே பட்டியலில் வெள்ளிக்குப் பதிலாக ஆறு அடிமைகள், ஐந்து அடிமைகள் என்றும் விலை போட்டிருக்கிறது. இதையும் புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடற்கொள்ளையர் எல்லாரும் ஏழைக்கு வாரி வழங்கிய வீரர்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நினைப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்தது ஒப்பந்தம். பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்று ஒரு வேல்ஸ் நாட்டுக்காரர். நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்களைப் பிடித்தவர், 1722இல் ஆப்பிரிக்கக் கரையோரம் பீரங்கிக் குண்டில் இறந்தார். அவருடைய கப்பலில் எல்லாரும் கையெழுத்திட்ட விதிகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. முக்கியமான காரியங்களில் ஆளுக்கொரு வாக்கு. இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும். சண்டை வந்தால் கப்பலில் அடித்துக்கொள்ளக் கூடாது, கரையில் இறங்கித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கேப்டனுக்கு இரண்டு பங்கு, கேப்டனுக்கு அடுத்த நிலையில் பங்கு பிரிப்பதைப் பார்த்துக்கொள்ளும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் இரண்டு பங்கு. அவ்வளவுதான், கேப்டனுக்குப் பத்துப் பங்கு கிடையாது. இன்னொன்று: பணம் வைத்துப் பகடை உருட்டக் கூடாது. பகடை உருட்டிப் பகடை உருட்டிக் கடற்கொள்ளையராகும் எங்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் என்றால், அந்த மாதிரி ஒரு தாளை எழுதி மேசை நடுவில் வைத்தேன். அறிமுகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட வேண்டும். போடும்போது உரக்கச் சொல்ல வேண்டியது இரண்டே: கப்பலில் உங்கள் வேலை என்ன, இந்த விதிகளில் எதை மீறுவீர்கள் என்று பயப்படுகிறீர்கள். துப்பாக்கிக்காரி ஒருத்தி பேனாவை எடுத்து, எட்டு மணி விளக்கு விதியில் விரலை வைத்து, "எனக்கு இருட்டு ஆகாது" என்றாள். உடனே சமையற்காரன், "அடுப்பில் கொஞ்சம் தணல் வைத்திருப்பேன், வந்து உட்கார்" என்றான். இருவருக்கும் நட்பு உண்டாகிவிட்டது, நான் வாயைத் திறக்கவே இல்லை. எழுதத் தெரியாத குள்ளன் ஒருவன் கட்டைவிரலை மையில் தோய்த்தான். குள்ளனாக ஆடியவர் கல்லூரிப் பேராசிரியர். அந்த ரேகையை இப்போதும் தாளில் பார்க்கலாம்.

கேப்டன் என்ற சொல்லே சிலருக்குத் தலைக்கேறிவிடுகிறது. தூத்துக்குடித் தோணிகளில் தண்டல் என்பார்கள். "சரி தண்டல், இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், ஆள் இறங்கி வந்து கயிற்றைப் பிடிப்பார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். பெண் கடற்கொள்ளையர்களைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். 1720இல் ஜமைக்காவில் ஆன் போனி, மேரி ரீட் இருவர் மீதும் வழக்கு நடந்தபோது, ஆண்களின் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு, தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள் என்று ஒரு பெண் சாட்சி சொன்னாள். மூன்றே துணி, ஆள் கண்முன் நிற்கிறாள். உங்கள் பாத்திரத்துக்கும் மூன்று துணி சொல்லுங்கள், போதும்.

ஒருவர் பாத்திரம் நடுக்கடலில் செத்துவிட்டால் புதியவரை எப்படி நுழைப்பது? இதற்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன், போயிற்று. சுருக்கமாக: பிடிபட்ட கப்பலிலிருந்து எடுங்கள். ராபர்ட்ஸே அப்படி வந்தவர்தான். 1719இல் அவர் வேலை செய்த கப்பலைக் கொள்ளையர்கள் பிடித்தார்கள், சில வாரங்களில் அவரையே கேப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் சேர்ந்தார். நாங்கள் பிடித்த ஒரு சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டிருந்த சுங்க அதிகாரி அவர். கதவை உடைத்தோம், பகடையில் பதினேழு விழுந்தது. உள்ளிருந்து அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து முதல் வார்த்தை பேசினார்: "இங்கே என்ன சத்தம்?"

வணக்கம்.