வேஃபர்மேல் எழுதியதை ஒளி எப்படிப் படிக்கிறது?

[காட்சி: வேஃபரின் விளிம்பு, மிக அருகில்]

இதுதான் வேஃபர், சிப் செய்யப் பயன்படும் வட்டமான சிலிக்கன் தகடு. இதில் ஏதாவது எழுதியிருப்பது தெரிகிறதா? வெறும் கண்ணாடிப் பளபளப்புதான். கொஞ்சம் சாய்க்கிறேன். வந்துவிட்டது பாருங்கள், எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி.

மையும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. லேசர் சிலிக்கனை உருக்கிப் பதித்த புள்ளிகள், ஆழம் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. இன்னும் ஆழமாக வெட்டினால் என்ன? சிலிக்கன் தூள் பறக்கும். சிப் செய்யும் தூசியில்லாத சுத்த அறைக்குள் அதைவிடப் பெரிய தொல்லை வேறு இல்லை.

[காட்சி: ஃபூப் பெட்டி திறக்கிறது]

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், பாசிர் ரிஸ் பக்கம் இருக்கும் சிப் தொழிற்சாலைகளில் வேஃபர்கள் இப்படி ஃபூப் என்ற மூடிய பெட்டியில் பயணம் செய்கின்றன. 300 மில்லிமீட்டர் வேஃபர் என்றால் பெட்டிக்கு 25. பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சிப் ஆவதற்குள் நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்க வேண்டும். நடுவில் இரண்டு வேஃபர் இடம் மாறினால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குத்தான் வேஃபர்மேல் இந்தக் குறியீடு. சரி, அதைப் படிப்பது எப்படி? அலைனர் என்ற கருவி முதலில் வேஃபரைச் சுழற்றி, விளிம்பில் இருக்கும் சின்ன வெட்டைக் கண்டுபிடிக்கும். குறியீடு எங்கே இருக்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். அதன்பின் ஒளியைச் சாய்வாக அடிப்பார்கள்.

[காட்சி: ஒளிக்கதிர் வரைபடம்]

சமதளத்தில் பட்ட கதிர் கண்ணாடியில் பட்டதுபோல அப்படியே எதிர்ப்பக்கம் போய்விடும், உணரிக்கு வராது. புள்ளியின் ஓரத்தில் பட்ட கதிர் மட்டும் நாலாபக்கமும் சிதறும். அந்தச் சிதறலை மட்டும் பிடித்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இதற்கு டார்க் ஃபீல்ட் என்று பெயர்.

லேசர் கதிரை ஓட்டியும் படிக்கலாம். ஆனால் லேசரில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, ஸ்பெக்கிள் என்ற மணல்மணலான இரைச்சல் படத்தில் சேரும். இரண்டாவது இன்னும் மோசம். வேஃபர்மேல் ஆக்சைடு, நைட்ரைடு என்று படலங்கள் ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு அலைநீளத்தில் பார்த்தால், படலத்தின் தடிமனைப் பொறுத்து எழுத்தும் பின்னணியும் ஒரே சாயலாகிக் குறியீடு மறைந்துபோகலாம். அதனால்தான் பல நிற எல்இடி விளக்குகளும் கேமராவும். ஒரு நிறத்தில், ஒரு கோணத்தில் தெரியாவிட்டால் அடுத்ததை முயலும். இதற்கு மேல் சிஎம்பி மெருகேற்றல் வேறு, அதாவது ரசாயனமும் தேய்ப்பும் சேர்த்து வேஃபரைச் சமமாக்கும் வேலை. அது புள்ளிகளையே தேய்த்துவிடும்.

படிக்க முடியாமல் போனால்கூடப் பரவாயில்லை என்பேன். இயந்திரம் நிற்கும், ஆள் வருவார். 8-ஐ B என்று தப்பாகப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தால்தான் ஆபத்து. அதற்குத்தான் வேஃபர் குறியீட்டுக்கான செமி எம்12 என்ற தொழில்துறைத் தரத்தில் கடைசி இரண்டு எழுத்துகள் சரிபார்ப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் உள்ளவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, விடை பொருந்தாவிட்டால் கருவி அந்த வாசிப்பை ஏற்காது.

[காட்சி: திரையில் மங்கலான குறியீடு]

எல்லா விளக்கும் தோற்றால் படம் திரைக்கு வரும். மலேசியாவின் ஜொகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி நைட் ஷிஃப்ட்டுக்கு வந்த டெக்னீஷியன் அதைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்வார். அவர் தட்டியதையும் அதே இரண்டு எழுத்துகளை வைத்துச் சோதிக்கலாம்.