அழாத பிள்ளை: பெருமையா, கவலையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தண்டையார்பேட்டையில் தெருவை அடைத்துப் போட்ட நாற்காலிகளில் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

‘கவலையே’ என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர், “கொயந்த சமத்து, போட்ட எடத்துல கெடக்கும்” என்று சொல்லும் ஆயாக்களை மேடைக்கே கூட்டிவந்து கைதட்டல் வாங்கினார். “ஒரு வயசு ஆகாததுக்கு மனச்சோர்வாம்! அதுக்கு என்ன, வட்டிக்கடனா, வாடகை பாக்கியா?” என்றும் கேட்டார். கடன் இல்லைதான். பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு சொத்து: தான் பார்த்தால் திரும்பிப் பார்க்கும் ஒரு முகம். அது போய்விட்டால்?

ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1946-இல் இதைத்தான் எழுதிவைத்தார். ஆறு முதல் எட்டு மாத வயதில் தாயைப் பிரிந்த காப்பகக் குழந்தைகள் முதலில் ஓயாமல் அழுதன. பிறகு எடை குறைந்தது, தூக்கம் கெட்டது. கடைசியில் அழுகையும் நின்றது. யார் வந்தாலும் திரும்பிப் பார்க்காமல் கிடந்தன. சில மாதங்களுக்குள் தாய் திரும்பிய குழந்தைகள் பெரும்பாலும் தேறின. ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்கிறோமே நடுவர் அவர்களே, அழுதும் யாரும் வராத பிள்ளை என்ன செய்யும்? அழுவதை விட்டுவிடும். எதிரணி அதற்கு வைத்த பெயர் சமத்து.

தாய் பக்கத்திலேயே இருந்தாலும் இது நடக்கும். அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். தாய் கொஞ்சிக்கொண்டே இருந்துவிட்டு, சில நிமிடம் மட்டும் முகத்தை அசைக்காமல் வைத்திருப்பார். பிள்ளை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில நிமிடத்துக்கே இந்தப் பாடு! பால் கொடுக்கும்போது கண் செல்போனில் இருக்கிறதே, அது எத்தனை நிமிடம் என்று இங்கே யாரையும் எழுப்பிக் கேட்கப்போவதில்லை. பயப்படாதீர்கள்.

சரி, உண்மையான சமத்தையும் சோர்வையும் எப்படிப் பிரிப்பது? வயிறு நிறைந்து, தூங்கி எழுந்த பிள்ளையை எடுங்கள். உங்கள் முகம் அதன் முகத்திலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் இருக்கட்டும். மெதுவாகப் பேசிவிட்டுப் பத்து விநாடி வாயை மூடிக் காத்திருங்கள். இங்கேதான் எல்லாரும் தவறுகிறோம்; பிள்ளை பதில் சொல்ல நேரம் எடுக்கும், நாமோ அதற்குள் கிலுகிலுப்பையை ஆட்டிவிடுகிறோம். கண் சந்திக்கிறதா? முகம் மாறுகிறதா? கை கால் உதைக்கிறதா? ஒரு சத்தமாவது வருகிறதா? ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள், வெவ்வேறு நேரங்களில் பாருங்கள். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒன்பது மாதமாகியும் நாம் எழுப்பும் ஒலிக்குப் பதில் ஒலி இல்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

உடனே ‘மனச்சோர்வு’ என்று முத்திரை குத்தவும் கூடாது. காது கேட்காத பிள்ளையும் திரும்பாது. ரத்தச்சோகையிலும் தைராய்டு குறைவிலும் பிள்ளை மந்தமாகும். கடும் ஊட்டக்குறைவு வந்தால் சிரிப்பே போய்விடும். ஆட்டிசத்தின் தொடக்கமும் இப்படித் தெரியலாம். ஆகவே எடை, செவிச்சோதனை, ரத்தப்பரிசோதனை முதலில். ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கப் போகிறவர்களும் போங்கள். எடை போட்டுவிட்டுப் போங்கள்.

மனச்சோர்வு வந்தால் ஒன்று இரண்டு வயதுப் பிள்ளைக்கு முகம் வாடித்தான் இருக்கும் என்றில்லை. சிடுசிடுப்பு வரும். பிடித்த விளையாட்டில் குதூகலம் இருக்காது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென ‘ஜீரோ டு த்ரீ’ என்ற அமெரிக்கக் குழந்தைநல அமைப்பு 2016-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டிலேயே மனச்சோர்வு இருக்கிறது; இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும் என்பது கணக்கு. பல் முளைக்கும் இரண்டு நாள் அழுகையை அதில் சேர்க்காதீர்கள்.

“விடியறதுக்கு முன்னாடி காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போற பொம்பளை என்ன பண்ணுவா?” என்று எதிரணி கேட்டது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் வரவில்லை. பிள்ளையை ஐந்து கை மாற்றாமல், ஆயாவோ அத்தையோ, நிலையாக ஒருவரிடம் விடுங்கள். தூங்கும்போது நைசாக நழுவாதீர்கள். எழுப்பியாவது ‘போயிட்டு வரேன்’ சொல்லுங்கள். நழுவிப் போனால், கண் மூடினால் அம்மா காணாமல் போவாள் என்று பிள்ளை தூங்கப் பயப்படும். உடுத்திய பழைய புடவையிலேயே தூளி கட்டுங்கள், வாசம் இருக்கும். திரும்பி வந்ததும் கை கழுவிவிட்டுக் கால் மணி நேரம் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். அடுப்பு அப்புறம். அந்தக் கால் மணி நேரத்தில் அப்பாவுக்கும் பங்குண்டு, ஐயா, பின்வரிசையில் நிற்பவரே!

பிள்ளைக்கு மாத்திரை கிடையாது. சிகிச்சை தாய்க்கும் சேய்க்கும் சேர்த்துத்தான். பிரசவத்துக்குப் பின் சோர்ந்த தாயின் முகம் பிள்ளைக்குப் பதில் தராது. அது அவர் குற்றமல்ல. அந்தச் சோர்வைத் தாயிடம் கண்டறிய எடின்பரோ கேள்வித்தாள் 1987-இலிருந்து இருக்கிறது: பத்தே கேள்வி, கடந்த ஏழு நாள் பற்றி. பத்தாவது, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஆம்’ என்ற சாயல் வந்தாலே அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இரவிலும் எடுப்பார்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு எட்டும் தூரம். 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் போகிறோம். ஊசி போட்டதும் ஓடிவராமல், பிள்ளை முகம் பார்க்கிறதா என்று செவிலியரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். எதிரணித் தலைவர் எழுந்து வரும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அவர் சொன்ன அந்தச் சமத்துப் பிள்ளை கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தது?