கிழவனும் முசியேவும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் புதுச்சேரியில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். பென்ஷன் வாங்கும் நாள், நல்ல கூட்டம். "சீனியர் சிட்டிசன்லாம் ரெண்டாவது கவுண்டருக்கு வாங்க" என்று மூன்று தரம் குரல் வந்தது. என் பக்கத்தில் பாகூர் ஆயா ஒருவர், பாஸ்புக் வைத்த மஞ்சப்பையைச் சுருட்டி மடியில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். "ஆயா, உங்களத்தான் கூப்புடுறாங்க" என்றேன். "என்னியா? வேற யாரையோன்னு இருந்துட்டேன்பா" என்று பதறி எழுந்தார். 60 வயதானாலே சீனியர் சிட்டிசன் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயாவுக்கு 75-க்குக் குறையாது.

இந்த சீனியர் லத்தீன் சொல். செனெக்ஸ் என்றால் முதியவர். சீனியர், அதைவிட மூத்தவர். ரோமாபுரியின் செனட் சபைக்கும் இதுதான் வேர். மூத்தவர் என்ற பொருள் போகப்போக பிரபு, எசமான் என்று உயர்ந்தது. பிரெஞ்சில் அது சியேர் ஆகி, 'என்' என்ற சொல் முன்னால் ஒட்டி, ஐயா என்று மரியாதையாக அழைக்கும் முசியே ஆனது. ஆமாம், நம் புதுச்சேரித் தெருக்களில் புழங்கிய அதே முசியேதான்! நாம் நாள் முழுக்கச் சொல்லும் 'சார்' கூட அந்த வழியில் வந்ததே.

நம் 'கிழவன்' போன வழி நேர் எதிர். கிழமை என்றால் உரிமை, கிழவன் உரியவன். "செல்லான் கிழவன் இருப்பின்" என்று வள்ளுவர் சொல்வது நிலத்துக்காரனை. போய்ப் பார்க்காமல் வீட்டில் இருந்துவிட்டால் நிலம் மனைவியைப் போல ஊடும் என்கிறார். வயதுப் பேச்சே அங்கு இல்லை. சங்கப் புலவர் கோவூர் கிழார் பெயரில் இருப்பதும் இந்த உரிமைதான். லத்தீன் வழியில் மூத்தவன் தலைவனானான்; தமிழில் தலைவன் வெறும் வயசாளியாகிவிட்டான். இன்று ஒருவரைக் கிழவன் என்றால் சண்டை வரும். எனக்கு இது பெரிய மனக்குறை.

சீனியர் சிட்டிசன் என்ற தொடர் 1930-களின் கடைசியில் அமெரிக்காவில் பழக்கத்துக்கு வந்தது. படிவத்துக்கும் பலகைக்கும் அது சரி. வருமான வரியில் 80 வயதானால் 'சூப்பர் சீனியர்' என்றுகூட உண்டு. ஆனால் எதிரில் இருப்பவரை அப்படியா கூப்பிடுவது? இங்கிலீஷ்காரரே கூப்பிடமாட்டார். நமக்கு ஐயா இருக்கிறது, ஆயா இருக்கிறது, பெரியவரே இருக்கிறது.

அன்று கவுண்டரில் இருந்த பெண் ஆயாவைக் கண்டதும், "மெதுவா வாங்க ஆயா, பாஸ்புக்க எடுங்க" என்றது. ஆயா அங்கேயே நின்று, சுருட்டின பையை நிதானமாகப் பிரித்தார்.

வணக்கம்.