அரை மணி நேரத்தில் போட்ட கோடு

வணக்கம். ஒரே ஜனம், ஒரே மொழி, கொரியா எப்படி இரண்டாச்சு என்று கேட்டால் பாதிப் பேர் ‘1950 போர்’ என்பார்கள். இல்லைங்க. அதற்கு ஐந்து வருஷம் முன்பே கோடு போட்டாயிற்று.

1910-இல் ஜப்பான் அந்த நாட்டை விழுங்கியது. 35 வருஷம். கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து தாய்மொழியையும் எடுத்துவிட்டு, ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள் என்று நெருக்கினார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சாய்கிற நேரம், சோவியத் படை வடக்கே இறங்குகிறது. அமெரிக்கப் படையோ எங்கேயோ தூரத்தில். ஆகஸ்ட் 10 ராத்திரி வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகளிடம், ஜப்பானியரிடம் யார் எங்கே சரண் வாங்குவது என்று ஓர் எல்லை சொல்லுங்கள் என்றார்கள். கொடுத்த நேரம் அரை மணி. கையில் நேஷனல் ஜியாக்ரஃபிக் வரைபடம். தலைநகர் சியோல் அமெரிக்கா பக்கம் வரணும், அவ்வளவுதான் கணக்கு; 38-ஆம் அட்சரேகையைக் காட்டினார்கள். ஸ்டாலினும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கொரியரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கோடு 12 ஆறுகளையும் 75 ஓடைகளையும் குறுக்கே வெட்டியது. மேற்கே ஒங்ஜின் என்று ஒரு தீபகற்பம், அது தெற்கோடு சேர்ந்தது, ஆனால் தரைவழி முழுக்க வடக்கில். சொந்த நாட்டுக்குப் போக அந்த ஊர்க்காரர் படகு ஏறணும்!

ஜெர்மனியைப் பிரித்தார்கள், சரி, அது போரை ஆரம்பித்த நாடு. ஆசியாவில் போரை ஆரம்பித்த ஜப்பான் முழுசாக இருக்க, அதன் காலடியில் கிடந்தவனை அறுத்தார்கள். இது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

சியோலில் விடுதலைப் போராட்டத் தலைவர் யோ உன்-ஹியோங் போன்றவர்கள் ஊர் ஊராக மக்கள் குழு அமைத்து, செப்டம்பர் 6-ஆம் தேதி குடியரசே அறிவித்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வந்திறங்கிய அமெரிக்கத் தளபதி ஹாட்ஜ் அதை ஏற்கவில்லை. கொஞ்ச நாளைக்கு ஜப்பானிய அதிகாரிகளையே நாற்காலியில் வைத்திருந்தார் என்றால் பாருங்கள். வடக்கே சோவியத் நிழலில், பின்னாளில் வடகொரியாவை ஆண்ட கிம் இல்-சுங் வளர்ந்தார். 1948-இல் இரண்டு அரசு. அப்புறம்தான் போர்.

1983-இல் தென்கொரியத் தொலைக்காட்சி, பிரிந்த சொந்தங்களைத் தேடித்தர 95 நிமிஷ நிகழ்ச்சி ஒன்று திட்டமிட்டது. கூட்டம் தாங்காமல் 138 நாள் ஓடியது. நிலையத்துச் சுவர், வெளித் திடல் எங்கும் ‘அம்மா பெயர் இது, தங்கைக்கு அப்போது வயது இத்தனை’ என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேல் குடும்பங்கள் சேர்ந்தன. பெரும்பாலும் தெற்கிலேயே தொலைந்தவர்கள். வடக்கில் அண்ணனை விட்டு வந்தவர் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது.